ஒட்டுப்பால் விளக்கு

1943 மே மாதம். மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் நான்காம் லயத்தில் பஞ்சாலை ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குப் பயந்துகொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு, ஏழு மாதக் கர்ப்பம். சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. சண்டைக்கு முன் தோட்டத்து ஆஸ்பத்திரி மாத்திரைக்கு அடங்கும். ஜப்பான்காரன் வந்தபின் மாத்திரை டப்பா காலி.

"வெந்நீர் குடி, நிமிந்து உக்காரு. வேற என்கிட்ட ஒண்ணுமில்லம்மா" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கையை விரித்துவிட்டார்.

இருட்டினால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். தனக்கு மூச்சு நின்றால் வயிற்றில் இருப்பதற்கும் நின்றுவிடுமே என்று வயிற்றை அணைத்துக்கொள்வாள். இருட்டில் உயிர் போய்விட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் புருஷன் சன்னாசிக்குக்கூடத் தெரியாது. அதனால் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும் என்பாள். மண்ணெண்ணெய் கிடையாது. ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டித் தகரக் குவளையில் கொளுத்துவான் சன்னாசி. எல்லா வீட்டிலும் அதுதான் விளக்கு. கரும்புகை கூரையை முட்டும். அந்த மாதம் பத்தொன்பது நாள் இழுத்தது. இழுப்பு கூடினால், அவள் முகம் தெரியட்டும் என்று அவன் இன்னோர் உருண்டை போடுவான்.

ஜூன் 11, வெள்ளிக்கிழமை. இருட்டிய சற்று நேரத்தில், "வெளக்க அணைங்க! லோரி வருது!" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து கத்திக்கொண்டு ஓடினார். ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லோரி. சன்னாசி குவளையைக் கவிழ்த்துவிட்டுப் பின்கதவு வழியாக ரப்பர் காட்டுக்குள் மறைந்தான். பஞ்சாலைக்குக் கதவைச் சாத்தக்கூடக் கை வரவில்லை. இழுப்பு வந்து, அந்தச் சத்தம் கேட்டு ஜப்பான்காரன் உள்ளே வந்தால் புருஷன் எங்கே என்பானே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பூட்ஸ் சத்தம் பக்கத்து வீட்டில் நின்றது. ஒரு பெண் அலறினாள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு லோரி போனது.

அன்று அவளுக்கு இழுப்பு வரவில்லை. பயத்தில் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த பத்து நாளும் லயத்தில் யாரும் விளக்கேற்றவில்லை. சன்னாசி இரவெல்லாம் காட்டிலேயே கிடந்தான். அவளுக்கு இழுத்தது இரண்டே நாள், அதுவும் லேசாக. ஜூன் 22 அன்று அவன் வீடு திரும்பி, ஆசையோடு ஒட்டுப்பாலைக் கொளுத்தினான். புகை கூரையைத் தொடுமுன்னே அவள் நெஞ்சில் விசில் கேட்டது. எட்டிச் சிரட்டையை எடுத்துக் குவளையை மூடினாள்.

"என்னா பண்ற? இருட்டுல நீ எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பொகைதாங்க என்னைக் கொல்லுது. கையப் புடிச்சிக்கிங்க. செத்துட்டா சொல்றேன்."

"வாயப் பாரு" என்றான். ஆனால் கையை விடவில்லை.

ஜூலை 29, வியாழக்கிழமை. ஜப்பான்காரன் மாற்றிவைத்த தோக்கியோ நேரப்படி காலை ஏழு மணி, இன்னும் விடியவில்லை. வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி முத்தாயி ஒட்டுப்பால் பந்தத்தோடு வந்தாள்.

"அத வெளியில வெச்சிட்டு வாங்கக்கா."

"அடியே, இருட்டுல நான் எதைப் பாக்குறது?"

"தடவிப் பாருங்க."

பந்தம் புகை உள்ளே வராதபடி முற்றத்தில் நின்றது. இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. பாதி வலியில் விசில் தொடங்கியது. பஞ்சாலை கதவு நிலையைப் பிடித்து முட்டிபோட்டு, ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள். அடுத்தது வருமா என்று தெரியாமலே இழுத்தாள்.

"மூச்சு இருக்கா?" வெளியிலிருந்து சன்னாசி கேட்டது ஏழாவது தடவை.

"அவளுக்கு இருக்குதுடா. உனக்குத்தான் நின்னுரும் போல!"

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்குமுன் பிள்ளை அழுதது. ஆணா பெண்ணா என்று பஞ்சாலை கேட்கவில்லை. வாங்கி, அந்தச் சின்ன நெஞ்சில் விசில் உண்டா என்று காதை வைத்து, வெளிச்சம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.