ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு வயிறு

காலையில் அந்தச் சின்னப் பால் பாட்டிலை அவள் நேராக வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். கொதித்து இறக்கிய வெந்நீர்க் கிண்ணத்தில் அதைக் கழுத்தளவுக்கு இறக்கி, மூடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரு மெல்ல வெளுப்பதைப் பார்த்தபடி நிற்பாள். பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றினால் சுட வேண்டும். அப்புறம்தான் குடிப்பாள், மூன்றே மடக்கு. சில்லென்று எதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது. அந்தத் தொண்டைதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

பார்வையற்றோர் நூலகத்தில் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. பதிவு அறையின் சுவரெல்லாம் பஞ்சு. கடிகாரம்கூடக் கிடையாது. ஒரு வாக்கியம் முடிந்ததும் மௌனம் தண்ணீர்போல வந்து கணுக்காலை மூடும். அடுத்த வாக்கியத்தை அதில் மிதக்க விடுவாள். அந்தத் தண்ணீருக்குள்தான் ஒருநாள் அவள் வயிறு பேச ஆரம்பித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, கதையில மழையே இல்ல. இடி மட்டும் எங்கேருந்து வருது?"

"சிரிக்காத தம்பி, மானம் போகுது."

"மானம் எங்கேயும் போகல, மைக்குலதான் இருக்கு. திரும்ப முதல்லேருந்து வாசிங்க."

கலங்கரை விளக்கத்தில் தனியே வாழும் ஒருத்தியைப் பற்றிய எண்ணூறு பக்க நாவல் அது. அதை வாசிக்கத் தனக்குத் தரும்படி கேட்டுக் கேட்டு ஒன்பது வருடம் காத்திருந்தாள். நூலகத் தலைவி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் சத்தம் அடங்கவில்லையென்றால் நாவல் வேறொரு குரலுக்குப் போய்விடும்.

அப்போதுதான் முனைக்கடையில் அந்தப் பாட்டில் கண்ணில் பட்டது. புளிக்க வைத்த பால், குடலுக்கு நல்லது என்று எழுதியிருந்தது. இரண்டு வாரம் குடித்தும் வயிறு அசைந்து கொடுக்கவில்லை.

மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலை பார்க்கும் மகள் ஒரு காலை சீக்கிரமே எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"சூடு காட்டறேன். தொண்டை கட்டிக்குமே."

"அய்யோ! அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் உசிரோட இருக்கிற கிருமிம்மா. இத்தனை நாளா அதுங்களை வேகவெச்சுக் குடிச்சிருக்கே."

அவள் கிண்ணத்தையே பார்த்தாள். "பாவம்."

"பாவப்பட்டு முடிச்சாச்சா? செத்ததுக்கும் கொஞ்சம் பலன் இருக்குன்னு சொல்றாங்க, அது வேற கதை."

"அப்போ ஜில்லுனு குடிச்சா அடங்கிடுமா?"

"அடங்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. சிலருக்குக் கேக்குது, சிலருக்கு ஒண்ணுமே ஆகிறதில்ல. சக்கரை கம்மியா இருக்கிறதா வாங்கி, மூணு நாலு வாரம் விடாம குடிச்சுப் பாரு. மொதல்ல வெறும் வயித்தோட வேலைக்குப் போறதை நிறுத்து. காலி வயிறு கத்தாம பாட்டா பாடும்?"

வயிறு நிரம்பினால் மூச்சு இழுக்கும் என்றுதான் இருபது வருடமாக அவள் காலையில் எதுவும் சாப்பிடாமல் போய்க்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு துண்டு ரொட்டி தின்றாள். பாலை வாயிலேயே வைத்திருந்து, நாக்கின் சூடு ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்று உள்ளே இருட்டில் விளக்கேந்தி இறங்குவதுபோல இருந்தது. முதல் வாரம் வயிறு உப்பி, சத்தம் இன்னும் கூடியது.

மாதக் கடைசி வந்தது. கையில் ஒரு தாளுடன் தலைவி பதிவு அறை வாசலில் வந்து நின்றார்.

"தொடர்ந்து வாசிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவி நடந்தார்.

அடுத்த மாதம், நாவலில் விளக்குக்காரி பனிமூட்டத்தில் கப்பலொன்றுக்குக் காத்திருக்கும் இடத்தில், அவள் ஒரு வாக்கியத்தை முடித்தாள். மௌனம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. வயிற்றுக்குள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. காரணம் பாலா, ரொட்டியா, நாள் போனதா, அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரல் உயர்ந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

நாவல் முடிந்து, ஒலிப்பதிவுக்காரர் வேறு வேலைக்குப் போய், அவர் இடத்துக்கு வந்தவர் வெட்டாமல் வைத்திருந்த பழைய மூலப்பதிவுகளைக் கேட்ட பிறகுதான் அது தெரியவந்தது. அந்த மாதக் கடைசியில் தலைவிக்குப் போன தாளில் பழைய ஒலிப்பதிவுக்காரர் 'வயிற்றுச் சத்தம் அறவே இல்லை' என்று எழுதியிருந்தார். அன்று ஒரு நாளில் மட்டும் முப்பத்தொரு இடங்களில் அந்தச் சத்தத்தை அவரே வெட்டி எடுத்திருந்தார்.