பட்டியலில் இருந்து நான் எடுத்த பெயர்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். நியாயம் கேட்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கிழியப் பேசுவேன். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு காரியத்தை எழுதவே கூசுகிறது.

புதிய பிரிவைத் திறந்துவைக்க ஓர் அமைச்சர் வருவதாக இருந்தது. லைனில் நின்று அவருக்கு வேலையை விளக்க ஒரு பெண்ணை சூப்பர்வைசர் தேர்ந்தெடுத்தார். இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். வேலையில் படு சுத்தம். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா. முகாம்ல எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்க" என்றாள். சாப்பாட்டு இடைவேளைகளில் அமைச்சரிடம் சொல்லவேண்டிய நாலு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அமைச்சர் அருகே நிற்கப்போகிறவர்களின் விவரத்தைப் போலீசுக்குக் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் முதலில் ஒரு பட்டியலைப் போலீசுக்கு அனுப்பியிருந்தார். இறுதிப் பட்டியல் என் பொறுப்பு. அவள் முகவரியில் 'அகதிகள் முகாம்' என்று பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி. பிரசாரத்துக்கு வந்த தலைவர், மாலை போடும் கூட்டத்துக்கு நடுவே குண்டு வெடித்து இறந்த ஊர். அப்போது நானும் பிறக்கவில்லை, அவளும் பிறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். இந்த நாட்டில் ஒரு தலைவரைப் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் சுட்டார்கள். இன்னொருவரைக் காவலுக்கு நின்றவர்களே சுட்டார்கள். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை, எங்கள் ஊர் மட்டும்தான் வந்தது. அவள் பெயரை எடுத்துவிட்டு வேறொருத்தியின் பெயரைச் சேர்த்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"போலீஸ்ல வாணாம்னுட்டாங்கமா, நான் இன்னா பண்றது?" என்று அவளிடம் சொன்னேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. சூப்பர்வைசரிடமும் அதையே சொன்னேன்.

விழா நல்லபடியாக முடிந்தது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மொதல் லிஸ்ட்ல ஒரு முகாம் பொண்ணு இருந்துச்சே, ஏம்மா எடுத்துட்டீங்க? மாசாமாசம் முகாம்ல ஆள் சரிபாக்குறாங்க, பேப்பரெல்லாம் பக்காவா கீது. உங்க லிஸ்ட்லயே சீக்கிரம் ஓகே ஆனது அந்தப் பொண்ணுதான்."

"அன்னிக்கு லீவு கேட்டுச்சு சார்" என்றேன். இன்னொரு பொய். மாதாமாதம் அந்தச் சரிபார்ப்புக்காக அவள் கேட்கும் லீவைப் போட்டுக்கொடுப்பதே நான்தான். அது தெரிந்துமா சந்தேகப்பட்டேன் என்று நினைத்தபோது என்மேலேயே அருவருப்பு வந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டினால் அந்தச் சாக்கில் உண்மையைச் சொல்லிவிடலாம்.

"எனக்காகப் போலீஸ்கிட்ட நீங்க எவ்ளோ பேசியிருப்பீங்கன்னு தெரியும்க்கா" என்றாள். "அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"பரவால்லமா" என்றேன்.