ஆன்டெனா பார்க்காத பதிமூன்றாவது வாரம்

அவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. அது சான்றிதழிலேயே பத்திரமாக இருந்துகொள்ளட்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்டெனா. வயது நாற்பத்தெட்டு, வேலை லிஃப்ட் மெக்கானிக், தலையில் முடி குறைச்சல், மூக்கின் மேல் கோபம் ஜாஸ்தி. கோபத்துக்குக் காரணம் பழைய டிவி நிகழ்ச்சிகள்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

தெருவிலேயே முதல் டிவி அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நிலையமோ ரொம்ப தூரம். மொட்டை மாடியில் நீளமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா. லேசாகக் காற்றடித்தால் போதும், செய்தி வாசிப்பவரின் தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் போய்விடும். குழாயைத் திருப்பி, படம் வந்த இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் பதினொரு வயதில் ஒரு பையன் இருந்தான். சொன்ன பேச்சைக் கேட்பான். மாட்டினான்.

கம்பி போட்டுக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கட்டிப் பார்த்தார்கள். கட்டினால் வராத படம், பையன் பிடித்தால் வந்தது. "அவன் உடம்புலயே என்னமோ இருக்குங்க" என்று அப்பா தெருவெல்லாம் பெருமையடித்தார். அந்தப் பெருமையில்தான் பையன் அழிந்தான்.

கீழே கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இடம் பிடிப்பதற்காக வயலும் உரமும் பற்றிய நிகழ்ச்சியிலிருந்தே வந்துவிடுவார்கள். ஒருத்தருக்கும் கால் சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை. ஜன்னலோரத்தில் அக்கா நிற்பாள். பையனைவிட இரண்டு வயது பெரியவள். கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்துவாள்.

"வருது! வருது! ஐயோ போச்சு! திருப்புடா! இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கம்! ஆ... அப்படியே நில்லு. மூச்சு விடாதே!"

"எனக்கு எப்பக்கா பார்க்கிறது?"

"நீ பிடி. நான் அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொல்லவும் செய்வாள். சாப்பாட்டுத் தட்டோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, யார் அழுதார்கள், யார் அறை வாங்கினார்கள், பின்னால் என்ன கலரில் திரைச்சீலை என்பது வரைக்கும் சொல்வாள். கறுப்பு வெள்ளை டிவியில் அவளுக்குக் கலர் எப்படித் தெரிந்தது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்படி வந்ததுதான் 'உப்புக் கடிதம்' என்ற தொடர். வாரத்துக்கு ஒன்றாகப் பதிமூன்று வாரம். ஒரு மாலுமி கப்பலேறிப் போகிறான். வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கு வாரம் ஒரு கடிதம் வருகிறது. மாலுமியின் முகம் பையனுக்குத் தெரியாது, ஆனால் இருமல் தெரியும். மாடியிலிருந்து அத்தனை தெளிவாகக் கேட்கும் இருமல் அது. ஒரு வாரம் மாலுமி அதிகமாக இருமினால், அடுத்த வாரம்வரை பையன் அக்காவிடம் தினமும் அவன் உடம்பைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருப்பான்.

கடைசி வாரம் மழை கொட்டியது. இடி வேறு. இந்தக் காலத்தில் என்றால் பெற்றோர் மேல் வழக்கு போடுவார்கள். அந்தக் காலத்தில், "தம்பி, இன்னும் பத்து நிமிஷம்தான், பிடிச்சுக்கோ" என்றார்கள். மழைச் சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. முடிந்ததும் பையன் சொட்டச் சொட்ட இறங்கி வந்து கேட்டான்.

"அக்கா, வந்தானா?"

அக்கா துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "வந்துட்டான்டா. கடைசி ஆளா கப்பல்லேர்ந்து எறங்கினான். நீலச் சட்டை."

அன்றிலிருந்து ஆரம்பித்தது தலைவலி.

ஏனென்றால் தெருவில் மற்ற எல்லோரும் மாலுமி வரவில்லை என்றார்கள். இவர் வந்தான் என்றார். பள்ளிக்கூடத்தில் இதற்காக ஒருவனின் சட்டைப் பையைக் கிழித்தார். பெரியவரான பிறகும் விடவில்லை. போன வருஷம் சலூனில் பாதி சவரம் நடந்துகொண்டிருக்கும்போது, சலூன்காரர் சும்மா இருக்காமல் பேச்சை எடுத்தார்.

"ஆனாலும் பாருங்க ஆன்டெனா அண்ணே, அந்த மாலுமி கடைசிவரைக்கும் வரவே இல்லையே. இப்ப நினைச்சாலும் மனசு என்னமோ பண்ணுது."

"வந்தான்."

"நான் முன்வரிசைல உக்காந்து பார்த்தேன் அண்ணே."

"எங்க வீட்டு டிவி. என் கை பிடிச்ச படம். எனக்குத் தெரியாதா?"

"நீங்கதான் பார்க்கவே இல்லையே!"

ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்து வந்துவிட்டார். அப்படியே வேலைக்கும் போனார். ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்த லிஃப்டின் கதவை நெம்பித் திறந்தபோது, உள்ளே இருந்த அம்மாள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் உள்ளேயே இருந்துக்கிறேன்" என்றாளாம்.

வேலையிலும் அவருக்கு இதே விதிதான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மேலே மோட்டார் அறையில் இருக்கும் உதவியாளரிடம், "வருதா?" என்று கத்துவார். "வருது! வருது! நின்னுடுச்சு!" என்று பதில் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாகத் தலைக்கு மேலே போகும். தூக்கத்திலும் போகும். "எதைப் பிடிச்சிட்டு இருக்கீங்க? கையை இறக்குங்க" என்று மனைவி தட்டிவிடுவாள்.

போதாக்குறைக்கு, அக்காவின் வீட்டுக்காரர் மருந்துக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஃபோனில் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார். பழைய டிவி ரசிகர்களாம். விடிந்தால் போதும், டிவி நிலையத்தின் பழைய சின்னம் சுற்றி வரும். மத்தியானம் பல்பொடி விளம்பரம். சாயங்காலம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுதிய அட்டை. எல்லாவற்றுக்கும் கீழே, "ஞாபகம் இருக்கா மச்சான்?" என்று ஒரு கேள்வி.

"மாமா, அந்தத் தடங்கலே நான்தான். என் கிட்டயே ஞாபகம் இருக்கான்னு கேட்டா எப்படி?" என்று இவர் பதில் போடுவார். மாமா அதற்கும் ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்புவார்.

அந்த மாமாதான் போன ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு வாங்க ஃபோன் செய்தார். குழுவில் ஒருவரிடம் 'உப்புக் கடிதம்' பதிமூன்றாவது வாரத்தின் டேப் இருக்கிறதாம். பூஞ்சை பிடித்துவிட்டதாம். இன்னொரு தடவை ஓடினால் உதிர்ந்துவிடுமாம். ஆகவே சரியாக நாலு மணிக்கு ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் ஓட்டப்போகிறாராம்.

"உன் மாலுமி வந்தானா வரலையான்னு இன்னைக்குப் பத்துப் பேர் முன்னாடி தெரிஞ்சிடும் மச்சான். சலூன்காரரையும் வரச் சொல்லிட்டேன்."

ஆன்டெனா இரண்டு கன்னத்தையும் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மூன்றரைக்கே போய்ச் சேர்ந்தார். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு முன்வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வீடுதான், இப்போது அக்கா குடும்பம் இருக்கிறது. அதே கூடம், அதே ஜன்னல். டிவிதான் பெரியது. சுவரில் மாட்டியிருந்த அது கதவைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

அக்காதான் சரியில்லை. தண்ணீர் கொண்டுவந்தாள், திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். "எதுக்குடா இந்தப் பழைய குப்பையெல்லாம்? உனக்கு வேற வேலை இல்லையா? எதிர் வீட்டு லிஃப்ட்ல என்னமோ சத்தம் வருதாம், போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை லிஃப்டுக்கும் லீவு. நீ உக்காரு."

மூன்று ஐம்பத்தைந்துக்கு இணையம் நின்றுபோனது. தெருமுனையில் குழி தோண்டியவர்கள் ஒயரை வெட்டிவிட்டார்கள். தோண்டுகிறவர்களுக்கு நாள் கிழமை, நாலு மணி எதுவும் கிடையாது. மாமா தன் ஃபோனிலிருந்து டிவிக்கு இணையத்தைக் கொடுக்கலாம் என்றார். அந்த வீட்டுச் சுவர் கோட்டைச் சுவர் கனம். கூடத்தில் ஃபோனுக்குச் சிக்னல் பூஜ்யம். மொட்டை மாடிக்குப் போனால் கிடைக்கும். அதுவும் ஜன்னலுக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தால்தான் கீழே டிவிக்கும் எட்டும்.

பிறகு பத்துத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"முடியாது" என்றார் ஆன்டெனா.

"உன் கைதான் மச்சான் ராசி."

"மாமா, சத்தியமா சொல்றேன், வாயில ஏதாவது வந்துடும்."

"போடா" என்றாள் அக்கா, ரொம்ப அவசரமாக. "நீ போய்ப் பிடி. நான் அப்புறம் சொல்றேன்."

என்ன மாயமோ, அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கால் தானாகப் படியேறியது. மாடிக்குப் போய், ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கி, வெளியே நீட்டிய பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் கீழே கூச்சல் ஆரம்பித்துவிட்டது.

"வருது! வருது! போச்சு! கொஞ்சம் இடது பக்கம் அண்ணே! ஆ... அசையாதீங்க!"

ஜன்னல் வழியாக முகப்பு இசை மேலே வந்தது. அலைச் சத்தம். பிறகு, முப்பத்தேழு வருஷம் கழித்து, அந்த இருமல்.

அவருக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. லிஃப்ட் இறங்குகிற வேகத்தில் இறங்கி வந்தார். டிவியில் மாலுமியின் மனைவி பாதிக் கண்ணை மூடியபடி உறைந்து நின்றாள். எல்லோரும் ஐயோ ஐயோ என்றார்கள். ஆன்டெனா நடு நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் ஏற மாட்டேன். ராசியாவது மண்ணாவது. யாருக்குப் படம் வேணுமோ அவங்க போய் நில்லுங்க. இல்லேன்னா எல்லாரும் உக்காந்து அந்த அம்மா பாதிக் கண்ணைப் பாருங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

மாமாவுக்குத் தலைசுற்றல். சலூன்காரருக்கு முட்டிவலி. மற்றவர்களுக்கு அந்த நொடியில் என்னென்ன நோய் உண்டோ அத்தனையும் வந்தது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைத்துண்டை ஜன்னல் கம்பியில் போட்டாள். அவர் மடியிலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினாள்.

பாதிக் கண் திறந்தது. படம் ஓடியது.

சும்மா சொல்லக்கூடாது, மகா மட்டமான தொடர். கடல் என்று பின்னால் தொங்கியது துணி. நடுவில் தையல் தெரிந்தது. மாலுமியின் முகம் முறுக்கு மீசையும் அகல நெற்றியுமாக இருக்கும் என்று ஆன்டெனா நினைத்திருந்தார். அந்த ஆள் பார்ப்பதற்குத் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் கொடுப்பவர் மாதிரி இருந்தார். இதற்காகவா மழையில் நின்றோம் என்று கடுப்பு ஏறியது. ஆனாலும் கப்பல் வந்து நின்று பலகை போட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கினான். கிழவன். பலகையை இழுத்துவிட்டார்கள். காலியான கப்பலைக் காட்டிக்கொண்டே எழுத்து ஓடியது. முடிந்தது.

நீலச் சட்டை எவனும் வரவில்லை.

சலூன்காரர் வெற்றிபெற்ற ஆள்தான். ஆனாலும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார். முப்பத்தேழு வருஷச் சண்டை, ஒரு கிழிந்த சட்டைப் பை, ஒரு பாதிச் சவரம். எல்லாவற்றையும் ஆன்டெனா மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "டேய்... முடிஞ்சுதா?"

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அன்றைக்கு அக்கா நின்ற அதே இடம். கம்பியில் கன்னத்தை ஒட்டி அண்ணாந்து பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. ஃபோனை விடாமல் தூக்கிப் பிடித்திருந்தது.

"முடிஞ்சுதுக்கா."

பிறகு, ரொம்பச் சின்னதாக: "வந்தானா?"

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தார்.

"வந்துட்டான்" என்றார். "நீலச் சட்டை."

சலூன்காரர் ஏதோ சொல்ல வந்தார். ஆன்டெனா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"பொய் சொல்லாதே, எருமை" என்றது மாடி. "நான் பார்த்தவதானே."

"பார்த்தவதான் புளுகினியா? தெருவுல என்னைக் கோமாளியாக்கிட்டியே! முப்பத்தேழு வருஷம்! நடுவுல ஒருநாள் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒவ்வொரு தடவையும் நீ யார் கூடவாவது சண்டை போட்டு ஜெயிச்ச மூஞ்சியோட வருவே. எப்படிடா சொல்றது?"

இதற்குள் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஜன்னல்கள் திறந்துவிட்டன. கூடத்தில் மாமா பதறினார். "மச்சான், அடுத்ததா வயல் நிகழ்ச்சி ஒண்ணு போடுறாராம்! இலைச்சுருட்டுப் புழு! அவளை அசையாம நிக்கச் சொல்லு!"

"அக்கா, இறங்காதே. அப்படியே நில்லு."

"முடியாதுடா. கை விட்டுப்போச்சு."

"அன்னைக்கு என் கை விட்டுப்போனப்ப?"

"அதுக்குத்தானேடா" என்று மேலேயிருந்து அக்கா தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள், "அவனை நான் கூட்டிட்டு வந்தேன்!"

ஆன்டெனா ஜன்னல் கம்பியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்குள் ஏதோ திட்டியபடி, நடு நாற்காலியைத் தாண்டி, மறுபடியும் மாடிப்படி ஏறினார்.

கீழே சலூன்காரர் ஜன்னலில் இடம் பிடித்துவிட்டார்.

"போச்சு! போச்சு! யாருங்க மேல கை மாத்துறது? சொல்லிட்டு மாத்துங்க!"