பரிசோதனைக்கு முன் குறித்த முகூர்த்தம்

எனக்கு ஒலக்கூர் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயம். நாலு வருஷத்துக்கு முன் கன்னத்தின் உட்புறம் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆனால் இருபது வருஷமாகப் புகையிலை போட்ட வாய். புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

விழுப்புரம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகள் செல்வி, "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம், வாப்பா" என்று கெஞ்சினாள். டாக்டர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பயம். "நான் போறதுக்குள்ள உன்னத் தாலியோட பார்த்துடணும்மா" என்று படிப்பை நிறுத்தி, ஒரே மாதத்தில் கல்யாணத்தை முடித்தேன்.

கல்யாணமான கையோடு அவள்தான் என்னைத் திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டர் கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், "புத்து இல்லீங்க. ஒடஞ்ச பல்லு ஒரசிக்கினே இருந்ததால வளர்ந்த வெறும் சதை" என்றார்.

"உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

புகையிலையை விட்டுவிட்டேன். உடம்பில் எது தட்டுப்பட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுகிறேன். இளையவளுக்கு வரன் கேட்டு வருகிறவர்களிடம், "பொண்ணு படிச்சிக்கினு இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். செல்வி வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.