மூடக்கூடாத போல்ட்

துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்துகிற பட்டறையில் கண்ணுக்கு முந்திக் காதுதான் பயப்படத் தொடங்கும். தகரக் கதவுக்கு அந்தப் பக்கம், கடையில், யாரோ குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை இழுத்து மூடுவார்கள்: 'ளக்-ளக்'. ஆளைக் கண்டிருக்க மாட்டேன். துவக்கின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் தெரியாது. மேசைக்குக் கீழே குனிந்துவிடுவேன்.

நான் புலம்பெயர்ந்து வந்த பிளாக்டவுனில் இருக்கிறது எங்கள் பட்டறை. பின்னேரம் நாலு மணிக்குப் போனால் சாமம் தாண்டித்தான் பூட்டுவேன். நித்திரை வராதவனுக்கு ஏற்ற வேலை. யாரும் கற்றுத்தரவில்லை. கழற்றி, பூட்டி, மிஞ்சிய சுருள்வில்லைக் கையில் வைத்துக்கொண்டு முழித்து, திரும்பக் கழற்றிப் படித்ததுதான். என்னைப் போலப் பயந்து பயந்து சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெறுமை

லிட்கம்மில் குழாய் வேலை செய்யும் எங்கட ஆள் ஒருவர் முயல் வேட்டைத் துவக்கை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "வெறுமைதான் அண்ணை, மகசீனைக் கழட்டிப்போட்டன்." அது போதாது. மகசீனில் அடுக்கிய ரவைகள், தோட்டாக்கள், மகசீனோடு வரும். ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட ஒன்று அங்கேயே குந்தியிருக்கும். இந்த வகைத் துவக்கின் குணம் அது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தேன். ஒரு ரவை துள்ளி விழுந்து, கண்ணாடி மேசையில் உருண்டு, அவர் பக்கமாய்ப் போய் நின்றது.

அவர் அதைத் தொடவில்லை. கதிரையைத் தேடிக் குந்தினார். ரவையைப் பார்த்தபடி சொன்னார்: "இதைக் காரில கொண்டு வரேக்க, பின் சீட்டில மகள் நித்திரையா இருந்தவள்."

சேஃப்டி

சில பழைய மாதிரிகளில், சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. காட்டுக்குள் செடியில் இழுபட்டுத் தானாகத் திறந்துவிடக்கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருக்கிற ரவையை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை விலக்க வேண்டும். விலக்கினால் அது சுடத் தயார். ஆடு வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு, வாயை மண் பக்கம் பிடித்து, விசையில் விரல் படாமல் திறப்பது எப்படி என்று மூன்று தரம் காட்டினேன். மூன்று தரமும் என் விரல் நடுங்கியது. அவர் துவக்கைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வெறும் துவக்குக்கே இப்படி என்றால், நீ வீட்டில் கெட்டிலை எப்படிப் போடுகிறாய்?"

ஆயுதபூசை

பட்டறையில் பூசை செய்யலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "உன் சாமிக்கு எது வேண்டுமோ செய், நெருப்பு மட்டும் வேண்டாம்," என்றார். ஆகவே கற்பூரம் இல்லாத பூசை. போல்ட்டுகளை மட்டும் கழற்றித் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். கும்பிட்டு முடிய, துடைத்து, அதனதன் துவக்கில் திரும்பப் பூட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வரமுதல் முருகேசன் தன் துவக்கை வாங்கிப் போய்விட்டார். மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு பன்றி வேட்டை. அவருடையதைப் போலவே அச்சு அசலாய் இன்னொரு துவக்கு பட்டறையில் இருந்தது. அதை எடுத்து, போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டதா என்று பார்க்கும் அளவுக்கட்டையை உள்ளே வைத்தேன். அந்தக் கட்டை இருக்கும்போது போல்ட் மூடக்கூடாது. வழுக்கிக்கொண்டு மூடியது. போல்ட்டில் வெட்டியிருந்த துவக்கு இலக்கத்தைப் பார்த்தேன். பள்ளங்களில் சந்தனம் அடைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். முருகேசனின் துவக்கு இலக்கம். இதனுடைய போல்ட் அவர் கையோடு போய்விட்டது.

ஒவ்வொரு போல்ட்டும் அதன் குழலுக்கென்று அளந்து பொருத்தியது. மாறிப்போய் இடைவெளி கூடினால், சுடும்போது ரவையின் பித்தளைக் கோது வெடித்து, நெருப்பு பின்பக்கமாய்ச் சுடுகிறவரின் கண்ணுக்கு வரும். அவருடைய போல்ட் இங்கே தளர்ந்தால், இதனுடையது அவருடைய துவக்கில் இறுகி மூடாமல் நிற்கத்தான் வேண்டும் என்று மூளை கணக்குச் சொன்னது. இன்னொருவரின் கண்ணை வைத்தா அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது?

அவருடைய போன் எடுபடவில்லை. வீட்டுக்கு அடித்தேன். "அவங்க வேட்டைக்குப் போற பண்ணையில டவரே கிடையாதுண்ணே. விடியக்காலையிலயே காட்டுக்குள்ள இறங்கிடுவாங்க. ஏன், ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார் மனைவி. ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல், உள்ளதைச் சொன்னேன். அவர் டயரியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பண்ணை வீட்டின் நம்பரைத் தந்தார். அடித்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட முதலாளி அந்த இரவே காரை எடுத்துக்கொண்டு, விடிந்து கன நேரம் கழித்தே சேரக்கூடிய பண்ணைக்குப் புறப்பட்டார். நான் போனுக்கு முன்னால் குந்தியிருந்தேன். விடிந்தது. பட்டறைக் கூரையில் குருவிகள் நடப்பதும் வெடிச் சத்தமாய்க் கேட்டது.

ஏழரைக்குப் பண்ணை வீட்டுப் போனை முருகேசன் எடுத்தார். "என்னண்ணே சர்வீஸ் பண்ணீங்க? குண்டு போட்டா போல்ட் மூடவே மாட்டேங்குது. தட்டிக்கூடப் பாத்தேன். கடுப்பாகி, பண்ணை வீட்டுக்கே திரும்பிட்டேன்."

"தட்டாதேங்கோ! அதை அப்படியே கீழே வைத்துப்போட்டுத் தொடாமல் விடுங்கோ," என்று கத்திவிட்டு, சந்தனம், தட்டு, இலக்கம் எல்லாவற்றையும் சொன்னேன்.  திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "அடுத்த வருஷமும் பூசை போடுங்கண்ணே. ஆனா ஒவ்வொண்ணா எடுத்துப் போடுங்க."

இத்தனை வருடமும் வாடிக்கையாளர்களின் கைகளுக்குப் பயந்தது போதாதென்று இனி என் கைகளுக்கும் பயப்பட வேண்டும் என்று நினைத்தபடி, எண்ணெய்த் துணியை எடுத்து, மேசையில் இருந்த குழலைத் துடைக்கத் தொடங்கினேன்.