பத்து மொழிகளில் உயிர்த்தவர்

எனக்கு ஞாபகமறதி உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவேன். ஆனால் ஒருவர் எனக்குச் செய்த தீங்கு மட்டும் மறக்காது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தபோது எங்கள் ஹெட்மாஸ்டர் மேல் வைத்த வஞ்சத்தை இந்தத் தள்ளாத வயதிலும் நான் இறக்கி வைக்கவில்லை.

நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டில் சேர வேண்டுமா, கேரளத்திலா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. குன்னத்துகால் சந்தையில் நாலு பேர் சேர்ந்து நின்று பேசினால் லத்தி வந்தது. மலையாளியான எங்கள் ஹெட்மாஸ்டர் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு உலகமே ஊர். மேஜைமேல் உலக உருண்டை, அலமாரியில் ஸ்டாம்பு ஆல்பம், பெல்ஜியத்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். ஆண்டவர் உயிர்த்தது ஒரு நாட்டுக்காக அல்ல, பூமியில் உள்ள எல்லாருக்காகவும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒவ்வோர் ஈஸ்டர் அன்றும் பூசை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று, ‘ஆண்டவர் உயிர்த்தார்’ என்று பத்து மொழிகளில் சொல்வார்கள். அவர்களைப் பழக்குவது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் தவக்காலத்தில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளின் கணக்கு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. போதுமான பிள்ளைகள் இருந்தால்தான் தமிழ் வகுப்பு நடக்கும். ஹெட்மாஸ்டர் தாய்மாரை ஒவ்வொருத்தியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் என்ன பாஷை என்று மலையாளத்தில் கேட்டார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்பவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அந்த மொழியில்தான் பதில் சொல்வார்கள். அது மரியாதை. “ரண்டும் பறயும் சாறே”, இரண்டும் பேசுவோம் சார், என்று எல்லாரும் மலையாளத்திலேயே சொன்னார்கள். அவர் எல்லார் பேருக்கும் நேரே ‘மலையாளம்’ என்று எழுதிக்கொண்டார். என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பட்டியலில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறக்கும்போது தமிழ் வகுப்பு இருக்காது என்றார்.

ஊர்வலத்தில் போய்க் கைதானவரின் மனைவி ஒருத்தி இருந்தாள். அவள் மகள் என் வகுப்பில் முதல் பெஞ்சு. அவளிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“சாறு மலையாளத்துல கேட்டாவ டீச்சரே, நானும் அதுலயே சொன்னேன். தமிழ்ல மறுமொழி சொன்னா மரியாதைக் கேடுல்லா?” என்றாள். புருஷன் தமிழுக்காக லாக்கப்பில் கிடக்கிறான், இவள் மரியாதை பார்த்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த மரியாதை ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டார். இரண்டு பாஷை தெரிந்த பிள்ளைக்கு ஒன்று போதும், மிச்ச நேரத்தில் உலகத்தைப் படிக்கட்டும் என்று என்னிடமே சொன்னார்.

அன்றிலிருந்து பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தைப் பொறுக்கும் வரி வரும்போது நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனிந்தபோதுகூட அவரை எப்படி மூக்கறுப்பது என்றுதான் யோசித்தேன். யோசனை அங்கேயே வந்தது. அந்த ஈஸ்டருக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு வயதான சாமியார் பள்ளியைப் பார்க்க வரவிருந்தார். மறுநாள் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் சொன்னேன்: “நாளைக்கு ஒரு நாள் மட்டும் மரியாத கெட்டு நடங்க. யாரு எந்தப் பாஷையில கேட்டாலும் தமிழ்லயாக்கும் சொல்லணும்.”

ஈஸ்டர் அன்று பத்துப் பிள்ளைகளும் பிசகாமல் சொன்னார்கள். வெள்ளைக்காரச் சாமியார் கைதட்டி மகிழ்ந்தார். பிறகு தாய்மார் பக்கம் திரும்பி, உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். ஹெட்மாஸ்டர் மலையாளத்தில் கேட்டார். கைதானவரின் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“எனக்க மவ தமிழ்ல படிக்கணும் சாமி. அவளுக்க கிளாச மூடப்பிடாது.”

நல்ல படிப்பு வேண்டும் என்கிறாள் என்று ஹெட்மாஸ்டர் சாமியாரிடம் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். நான் பின்னாலிருந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அடுத்தவளும் தமிழில் சொன்னாள். அதற்கடுத்தவளும். ஹெட்மாஸ்டரின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

இது என்ன மொழி என்று சாமியார் கேட்டார். தமிழ் என்றேன். சற்றுமுன் கேட்ட பத்தில் இது எத்தனையாவது என்று அவர் ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

பத்தில் தமிழ் இல்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பழக்கிய எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் ஹெட்மாஸ்டர் தலைகுனிந்து நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் போல ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

அடுத்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தப் பட்டியல் இருந்தது. திருத்தி எழுதுகிறேன், முப்பத்தொன்றும் தமிழ் என்று போடுகிறேன் என்றார்; அதற்கு மற்ற டீச்சர்மார் முன்னால் நான் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டால் போதுமாம். எங்கள் பங்குச் சாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஒரு வார்த்ததானே மகளே, சொல்லிரு. இந்த ஈஸ்டர் பாஸ்கா காலத்துல மனசுல பக வச்சிட்டு பூசையில எப்படி நன்மை வாங்குவ?” என்றார்.

“சாறு முதல்ல அந்தத் தாய்மாருகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். பெறவு நான் கேக்கேன்” என்று சொன்னேன்.

ஹெட்மாஸ்டர் பட்டியலை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார். எனக்கு வழியெல்லாம் சிரிப்பு. அவர் கெஞ்சினார், நான் மசியவில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த வருஷம் நான் நன்மை என்னும் அந்த நற்கருணை அப்பத்தை வாங்கவில்லை. அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. என் வகுப்பில் தையல் மெஷின்களைப் போட்டிருந்தார்கள். கைதானவரின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறுமி வழக்கம்போல ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தாயிடம், “கடைசி வர நான் விட்டுக்குடுக்கல்ல, பாத்தியளா?” என்றேன்.

“பாத்தேன் டீச்சரே. விட்டுக்குடுத்திருந்தா எனக்க மவ இன்னைக்கு ஒங்களுக்க கிளாசுல இருந்திருப்பா.”

அவள் குரலில் கோபம் இல்லை. மகளின் விரல்களை என் கையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, மலையாளம் டிவிஷன் வாசலில் கொண்டுபோய் விட்டாள்.