ஆட்டோவில் போகும் கார்

தேவநேசன் அண்ணன் தன் காரைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் கோபம். ஒவ்வொரு ஞாயிறும் அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, பூனாவில் தாபோடியிலிருந்து கட்கி சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். அவர் மனைவி சத்தியவதி கனடா போனதிலிருந்து அந்தக் கார் எங்கள் வாசலில் நிற்பதில்லை. மழையில் குடையும் கையுமாக நான் ரிக்‌ஷாவுக்குக் காத்திருப்பேன். அவருடைய வெள்ளைக் கார் ஒற்றை ஆளோடு என்னைத் தாண்டிப் போகும். மனுஷன் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

கேட்க மாட்டார். ஆள் அப்படி. ஆயுள் முழுக்கத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தவர், கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார், வார்த்தையையும் சேர்த்து. "ஏறு ஷீலா, எதுக்கு வெயில்ல நிக்கே?" என்று கூப்பிட்டதெல்லாம் சத்தியவதிதான். முன்சீட்டு ஜன்னலில் தலையை நீட்டிப் பாதித் தெருவை அழைப்பாள். அமல்ராஜ் சாரும் அவர் மனைவியும் ஏறிக்கொள்வார்கள், நான் ஓரத்தில் இடுக்கிக்கொள்வேன். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பார். கார் அவருடையது, கூட்டம் அவளுடையது.

காரை வாங்கிக் கொடுத்தது மகன் கிரேக். அப்பா ரிட்டயர் ஆனபோது டொராண்டோவிலிருந்தே புக் செய்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான். முன்பு இருந்த பழைய காரில் ஏசிக்கு இரண்டு திருகு. ஒன்று சூடு, குளிர்ச்சிக்கு. மற்றது காற்றைக் கூட்டவும் குறைக்கவும். புதுக் காரில் அதெல்லாம் கிடையாது. இருபத்துநாலு என்று வைத்து 'ஆட்டோ' என்ற பொத்தானை அமுக்கினால் போதும், மிச்சத்தைக் கார் பார்த்துக்கொள்ளும். பூனாவில் ரிக்‌ஷா என்றாலும், நம் ஆட்களுக்கு ஆட்டோ என்றால் மூன்று சக்கர வண்டிதான். முதல் நாள் அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு சத்தியவதி சொன்னாள்: "எம்புள்ள இவ்வளவு பெரிய கார வாங்கிக் குடுத்தும், கடேசில ஆட்டோலதான போறோம்!" பின்சீட்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன்கூட மீசைக்குள் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வண்டி கிளம்பும்போது அவள், "ஆட்டோலயா?" என்பாள். "ஆட்டோலதான்" என்பார் அவர். காற்று புஸ்ஸென்று கிளம்பும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு பெருமை.

கிரேக்குக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்கப் போன சத்தியவதி ஆறு மாதத்தில் திரும்பியிருக்க வேண்டும். விசாவை ஒரு தடவை நீட்டினார்கள். இப்போது இன்னொரு தடவை நீட்டக் கேட்கிறான், குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் அம்மா இருக்கட்டும் என்று. கிரேக் நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகள்தான் இப்படியெல்லாம் கேட்பார்கள்.

அவள் போன சில நாளிலேயே காரின் காற்று தளர்ந்துவிட்டது என்று அண்ணன் கண்டுபிடித்தார். முன்பெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போபோடி சிக்னல் தாண்டியும் வீசுமாம், இப்போது ஆற்றுப் பாலம் வருவதற்குள் அடங்கிப்போய் முனகுகிறதாம். பிம்ப்ரி பக்கம் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். ஃபில்டரை மாற்றினார்கள். திரும்பவும் போனார். ஏசி கேஸைச் சோதித்து, குறைவில்லை என்று அனுப்பினார்கள். அவர் மறுபடியும் போய் நின்றார்.

இந்தத் தடவை ராஜஸ்ரீ என்ற பெண் காருக்குள் உட்கார்ந்து பார்த்தாள். டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடி ஓரமாக, குருத்தோலைச் சிலுவை ஒன்று ஒட்டியிருந்தது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று சத்தியவதி மடித்துச் செய்தது. அங்கே கறுப்பாக ஒரு சின்னக் குமிழ் இருந்ததா, "பாத்தீங்களா, சிலுவ வைக்கதுக்குன்னே ஒரு மேட கெட்டி வச்சிருக்கான்" என்று அதன் மேலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டாள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். அந்த மேடைதான் வெயிலைப் பார்க்கிற கண்ணாம். சுள்ளென்று வெயில் விழுந்தால் அதைப் பார்த்துத்தான் கார் காற்றைக் கூட்டுமாம். சிலுவை கண்ணை மறைத்ததில், மே மாத வெயிலிலும் கார் மேகமூட்டம் என்றே நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

சிலுவையை எடுக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. "வச்சது அவ. அவ வந்து எடுக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். ராஜஸ்ரீக்கு என்ன புரிந்ததோ, ஓலை கிழியாமல் மெதுவாகப் பிரித்து நான்கு விரல் தள்ளி ஒட்டிக் கொடுத்தாள். நண்பகலில் காற்று கொஞ்சம் கூடியது. ஆனாலும் பழைய சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

"ஷீலாம்மா, ஒரு ஒத்தாச. சர்வீஸுக்கு நீங்களும் வரணும்."

"நானா? எனக்கென்னண்ணே தெரியும் காரைப் பத்தி?"

"பின்னால உக்காந்து வந்தவங்கல்லா. அந்தச் சத்தம் எப்படி இருந்துதுன்னு நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கானுவ."

சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்! இத்தனை மாதம் சர்ச்சுக்குக் கூப்பிடாதவர். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் மனுஷன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முன்கதவு பக்கம் போகவில்லை, பழக்கதோஷம். பின்சீட்டில் என் பழைய ஓரத்திலேயே உட்கார்ந்தேன். முன்சீட்டு காலியாகவே வந்தது.

வழியில் காரைப் பற்றிப் பாடமே நடத்தினார். கையேட்டை வரி விடாமல் படித்திருக்கிறார். காரின் முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னே இன்னொரு கண் வெளிச்சூட்டைப் பார்க்குமாம். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சின்னத் துவாரம் உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி முகர்ந்து பார்க்குமாம். உள்ளே சூடு அதிகமென்றால் காற்று பலமாக வரும், நாம் வைத்த அளவை நெருங்க நெருங்கத் தணியும். போன் வந்தால் பேச்சு கேட்க வேண்டுமென்று தானாகவே இன்னும் தணியும். "எல்லாம் தெரிஞ்சிக்கிட்டேன். ஆனா ஏன் இப்படிச் சீக்கிரம் அடங்குதுன்னுதான் தெரியல" என்றார். பிறகு, "இன்னைக்கு கொஞ்சம் பரவால்ல போல" என்று காதைச் சாய்த்தார்.

"கிரேக் என்னண்ணே சொல்றான்?" என்று கேட்டேன்.

"நான் சரின்னு சொல்லணுமாம். ஒரு வார்த்த. திங்கக்கெழம விசாவுக்கு எழுதிப் போட்டுருவான்."

"சொல்லிட்டீங்களா?"

"ஏசி விஷயத்த பேசிக்கிட்டு இருந்தேன்."

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது. அங்கிருந்து சரியா என்று கேட்பார்கள், இவர் ஃபில்டரையும் கேஸையும் பற்றிச் சொல்லுவார். வீட்டில் ஒத்தையாக இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வேண்டாம் என்றால் பேரப்பிள்ளைக்கு எதிரி. சரி என்றால் இந்த முனகலைக் கேட்டுக்கொண்டே இன்னும் சில வருஷம் வண்டி ஓட்ட வேண்டும். என்ன செய்வார் பாவம், காரைத் திட்டினார்.

சர்வீஸ் சென்டரில் ராஜஸ்ரீ எங்களைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொள்ளாத குறை. "காகா, ஏசி ஏக்தம் டீக் ஹை" என்றாள், ஏசி நன்றாகவே இருக்கிறது பெரியவரே என்று. அண்ணன் விடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லு என்றார். அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், மேற்பார்வையாளரும் வந்து சேர்ந்தார். அந்த மூன்று பேரும் நாங்களுமாக ஐந்து பேர். ராஜஸ்ரீ என் பக்கத்தில், அதற்கப்பால் மெக்கானிக், முன்சீட்டில் மேற்பார்வையாளர். அண்ணன் வண்டியை எடுத்தார்.

காற்று எழுந்தது. சாலைக்கு வந்தோம், அடங்கவில்லை. சிக்னலில் நின்றோம், அடங்கவில்லை. ஆளுக்கு ஆள் தோளை இடித்துக்கொண்டு, மெக்கானிக்கின் கிரீஸ் வாசனையோடு, புஸ்ஸென்ற அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

"இதுதான்! இந்தச் சத்தம்தான்! யஹீ ஆவாஸ்!" என்று அண்ணன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஷீலாம்மா, சொல்லுங்க, இதுதான?" பிறகு கண்ணாடியில் ராஜஸ்ரீயைப் பார்த்தார். "என்னம்மா செஞ்சீங்க? க்யா கியா?"

ஒன்றும் செய்யவில்லை என்றாள் ராஜஸ்ரீ. பிறகு யோசித்து, முன்பு இந்தக் காரில் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டாள். பாஞ்ச், ஐந்து பேர், என்றார். இப்போது? அவர் கியரை மாற்றினார். அவள் சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, இந்தியில் விளக்கினாள். ஒவ்வொரு ஆளும் ஒரு நூறு வாட் பல்பு, காகா. உடம்புச் சூடு, மூச்சு, எல்லாம் சேர்ந்து உள்ளே சூடாகும். ஏறி இறங்கக் கதவு திறந்தால் வெளிச்சூடும் வரும். ஐந்து பல்பு என்றால் கார் விடாமல் வீச வேண்டும். ஒரே ஒரு பல்பு என்றால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பிறகு எதற்காக வீசப்போகிறது? காரில் கோளாறு இல்லை, காகா.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அண்ணன் அடுத்த திருப்பத்திலேயே வண்டியைத் திருப்பினார். திரும்பி வந்து அவர்களை இறக்கிவிட்டார். இரண்டு கதவும் மூடிக்கொண்டன. காற்று படிப்படியாக இறங்கியதை நானும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

தாபோடி வரும்வரை முன்சீட்டு காலியாகவே வந்தது. எங்கள் தெருமுனையில் போன் அடித்தது. அங்கே விடிந்திருக்கும். அந்தக் காரில் போனை எடுத்தால் பேச்சு கார் முழுக்கக் கேட்கும். கொஞ்சநஞ்சம் இருந்த காற்றும் தணிந்தது. சத்தியவதியின் குரல் முன்சீட்டிலிருந்து வருவது போலவே வந்தது.

"ஏங்க, வண்டிய காட்டிட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

அவர் ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கிவிடலாம் என்று கைப்பிடியைத் தொட்டேன். கதவு சத்தம் கேட்குமே என்று அப்படியே இருந்துவிட்டேன்.

"சொன்னாங்க."

"என்ன கோளாறாம்?"

"ஏசில ஒரு கோளாறும் இல்ல, சத்தியா." அவர் காலி முன்சீட்டைப் பார்த்தார். "வண்டில ஆளு இல்லையாம். அதாம்."

அவள் முதலில் லேசாகச் சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கத்தியது, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்து சாலையே தெரியவில்லை.

"இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான் அவன்கிட்ட பேசிக்கிடுதேன். ஏர்போர்ட்டுக்கு வந்துருங்க. ஆட்டோல."

"சரி" என்றார் அண்ணன்.